குளியல் தொட்டி வாத்தியாரும் லேபிள் அக்காவும்

நான் வீரன் இல்லை என்பதற்கு என் கைபேசியிலேயே அத்தாட்சி இருக்கிறது. இங்கே சொல்லப்போகும் போட்டிக்கு முன்புவரை ஆடிய ஆட்டங்கள் நானூற்றுப் பன்னிரண்டு. சுட்டு வீழ்த்தியவர்கள் மூன்று பேர். அந்த மூவரில் ஒருவர் நெட் போய்ச் சிலையாக நின்றுகொண்டிருந்தவர். இன்னொருவரை நான் சுடவேயில்லை, ஜீப்பைப் பின்னால் எடுக்கும்போது அவராக வந்து மாட்டிக்கொண்டார். மூன்றாவது ஆளை எப்படி வீழ்த்தினேன் என்று இன்றுவரை தெரியாது. பயத்தில் எதையோ அழுத்தினேன், அவர் விழுந்தார். அவரைவிட நான்தான் அதிகம் அதிர்ந்துபோனேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்க வேண்டும். கையில் ஒன்றும் இருக்காது. வீடுகளில் கிடக்கும் துப்பாக்கி, தலைக்கவசம், காயத்துக்குக் கட்டும் துணி எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு, கண்ணில் படுகிறவர்களைச் சுட்டு, கடைசியில் எந்த அணி உயிரோடு நிற்கிறதோ அது ஜெயித்தது. ஒரே இடத்தில் பதுங்கிக் கிடக்க முடியாதபடி தீவைச் சுற்றி ஒரு நீல வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். அதற்கு வெளியே மாட்டினால் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பதுங்கிக் கிடக்க முடியாது என்பது ஆட்டத்தைச் செய்தவர்களின் நம்பிக்கை. அவர்கள் என்னைப் பார்த்ததில்லை.

நான் யாரும் இறங்காத மூலையில் இறங்குவேன். மாடி வீடு ஒன்றைப் பிடித்து, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, தொட்டிக்குள் படுத்துவிடுவேன். வட்டம் நெருங்கினால் அடுத்த வீட்டுக் குளியலறை. இப்படியே தொட்டி தொட்டியாகத் தாண்டிக் கடைசிப் பத்துப் பேருக்குள் வந்துவிடுவேன். முப்பத்தொரு தடவை இரண்டாமிடம். முதலிடம் அதுவரை ஒருமுறைகூட இல்லை. அதற்கு மிச்சமிருக்கும் ஒரு ஆளை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். எனக்கு வெளியிலேயே அது பழக்கமில்லை.

இப்படிப்பட்ட என்னை ஒருவர் வாத்தியாராக ஏற்றுக்கொண்டார். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். வழக்கம்போல என்னைப் பற்றியே ஓடிவிட்டது.

எங்கள் பார்சல் கிடங்கில் அவரை எல்லோரும் லேபிள் அக்கா என்பார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக்கண்ணாடி ஒரு கயிற்றில் கழுத்தில் தொங்கும். வலது கட்டைவிரலில் நீல மை நிரந்தரமாகத் தங்கிவிட்டது. பதினோரு வருடமாக ஒரே மேஜை, ஒரே நாற்காலி. அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சரிவார்கள்.

வேலை இப்படித்தான் நடக்கும். பெல்ட்டில் பார்சல் வரும். முதலில் இருக்கும் தராசு அண்ணன் எடை போடுவார். அடுத்து நான் ஸ்கேனரைக் காட்டுவேன், அது 'பீப்' என்னும். மூன்றாவதாக அக்கா விலாசத்தைப் படித்து, அது எந்தத் தடத்துக்குப் போக வேண்டும் என்று உரக்கக் கூப்பிட்டு, அந்த நிற லேபிளை அறைந்து ஒட்டுவார். பிய்ந்துபோன பெட்டிக்கு டேப் சுற்றுவது டேப்பு. எங்களில் அவள்தான் சின்னவள். ஒரு இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குப் பார்சலே தெரியாது. அக்காவின் குரலைக் கேட்டுத்தான் அவர் எந்தக் கதவைத் திறப்பது என்று கைப்பிடியை இழுப்பார். அதனால் கிடங்கில் ஒரு சட்டம்: கூப்பிடாமல் ஒட்டக் கூடாது.

"வடக்கு மூணு! கிழக்கு அஞ்சு, கண்ணாடிச் சாமான்! தெற்கு ஒண்ணு! தெற்கு ஒண்ணு, ஈரம், பாத்து!"

பெல்ட் இரைச்சல், லாரி இரைச்சல், மின்விசிறி இரைச்சல் எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் குரல் பலகையில் ஆணி மாதிரி இறங்கும். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தடவை. பதினோரு வருடத்தில் ஒரு பார்சல்கூடத் தப்பான கதவில் போனதில்லை.

அவருக்கு எதிரே நான். என் பட்டப்பெயர் மியூட்டு. சேர்ந்து எட்டு மாதத்தில் நான் பேசிய சொற்களை டேப்பு விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். ஒருநாள் என் சாப்பாட்டுப் பையில் இருந்த கவிதைத் தொகுப்பை எடுத்து நடுப்பக்கத்தில் நாலு வரி படித்துப் பார்த்து, "இது எங்க முடியுது?" என்று கேட்டாள். எனக்கும் தெரியாது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

நாங்கள் மதியம் இரண்டிலிருந்து பத்து வரை உள்ள ஷிப்ட். அக்காவின் கணவர் பஸ் டிரைவர். விடியற்காலை நான்கு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவார். திரும்பி வரும்போது மணி மூன்றாகிவிடும்; அக்கா ஒன்றரைக்கே கிளம்பியிருப்பார். அக்கா வேலை முடிந்து திரும்பும்போது அவர் தூங்கியிருப்பார். அவர் எழும்போது அக்கா தூக்கத்தில் இருப்பார். அவருக்கு ஞாயிறு விடுமுறை, அக்காவுக்குச் செவ்வாய்.

"ஒரே வீட்டை ரெண்டு குடும்பத்துக்கு மாத்தி மாத்தி வாடகைக்கு விட்ட மாதிரி இருக்கோம்" என்பார் அக்கா.

ரத்தான லேபிள்களை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சாப்பாட்டுப் பாத்திரங்களில் ஒட்டி வைப்பாராம். 'இதை முதலில் சாப்பிடவும்.' 'மாத்திரை போட்டாச்சா?' கணவர் அதன் கீழேயே 'ஆச்சு' என்று எழுதி வைப்பார். ஒருமுறை ஏதோ கோபத்தில் அக்கா, 'எளிதில் உடையும், கவனமாகக் கையாளவும்' என்ற சிவப்பு லேபிளை முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறார். அவர் அதைப் பிய்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் பஸ் ஓட்டினாராம். இதைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் தணியும்.

காலை ஷிப்ட் லேபிள் மேஜைக்காரர் ஓய்வு பெறப்போகிறார் என்ற செய்தி வந்தது. ஆறிலிருந்து இரண்டு வரை. அந்த நாற்காலி கிடைத்தால் அக்காவும் கணவரும் ஒரே பொழுதில் வீட்டில் இருப்பார்கள். ஆனால் நாற்காலி ஒன்று, கேட்பவர்கள் இரண்டு பேர். லோடிங் பிரிவின் தலைவன் கிரேன்; அவன் நிஜப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும் தெரியும். அவனுடைய மச்சினனுக்கு முதுகு போய்விட்டது, மூட்டை தூக்க முடியவில்லை. அவனை அந்த மேஜையில் உட்கார வைக்கக் கிரேன் கேட்டிருந்தான். அதுவும் நியாயம்தான். அதுதான் சங்கடம்.

இந்தக் கிடங்கில் இப்படிப்பட்ட வழக்குக்கு ஒரு பழைய தீர்ப்புமுறை உண்டு. ஆண்டு விளையாட்டு நாளில் பிரிவுக்கு நாலு பேராகக் கயிறு இழுக்க வேண்டும். ஜெயித்த பிரிவு ஷிப்ட் பலகையில் முதலில் பெயர் எழுதலாம். ஆறு வருடமாக லோடிங் பிரிவுதான் ஜெயிக்கிறது. தராசு அண்ணன் ஒருநாள் எங்கள் நாலு பேரையும் எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "அவங்களைவிட எழுபத்திரண்டு கிலோ கம்மி. ஒரு ஆளே கொறையுது" என்று அறிவித்தார்.

இந்த வருடம் குழாய் பதிக்க முற்றத்தைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். கயிறு இழுக்க இடமில்லை. சூப்பர்வைசர் கேண்டீனில் நாற்காலி மேல் ஏறி நின்று, இந்த முறை கைபேசியில் துப்பாக்கி ஆட்டம் என்றார். அவர் கழிப்பறைக்குள் போனால் உள்ளேயிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்கும் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் யாரும் ஆச்சரியப்படவில்லை.

"நம்மள்ல யாருக்கு இது ஆடத் தெரியும்?" என்றார் அக்கா.

நான் கையைத் தூக்கவில்லை. டேப்பு என் கையைப் பிடித்துத் தூக்கினாள். "இவன்க்கா. எப்பப் பாத்தாலும் கடைசிப் பத்துல வரான். நான் எட்டிப் பாத்திருக்கேன்."

"அப்படியா?" அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் புதிதாகப் பார்த்தார். "ஊமை மாதிரி இருந்துக்கிட்டு உள்ள இவ்ளோ சரக்கா? எனக்குச் சொல்லிக் குடுடா தம்பி. எனக்கு அந்தக் காலை நாற்காலி வேணும்."

எப்படி வருகிறேன் என்ற உண்மையைச் சொல்லிவிட வாய் எடுத்தேன். "சரிக்கா" என்று வந்தது.

மறுநாளிலிருந்து ஒரு மணிக்குக் கேண்டீனில் பாடம். ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே அக்கா வந்துவிடுவார். நோட்டும் பேனாவும் கொண்டுவந்தார்.

"மொதல்ல, கூட்டம் இறங்குற எடத்துல இறங்கக் கூடாதுக்கா. தள்ளிப் போய் இறங்கணும்."

எழுதிக்கொண்டார். "ஏன்?"

"அங்க ஆள் இருப்பாங்க."

"சரி."

"இறங்குனதும் தலைக்கவசம். அப்புறம்தான் துப்பாக்கி. வீட்டுக்குள்ள ஓடக் கூடாது, காலடிச் சத்தம் வெளிய கேக்கும். உள்ள போனதும் கதவைச் சாத்திடணும். சாத்துன கதவைப் பாத்தா இன்னும் யாரும் வரலைன்னு நெனச்சுட்டுப் போயிருவாங்க."

"நல்லாருக்கே."

"யாராவது செத்து விழுந்தா அங்க ஒரு பெட்டி கெடக்கும். அவன் வச்சிருந்த சாமான் எல்லாம் அதுல இருக்கும். உடனே போய் எடுக்கக் கூடாது. அதைச் சுட்டவன் அங்கயேதான் பாத்துக்கிட்டு இருப்பான்."

"ஆள் இல்லாம கெடக்குற பார்சலா? சரி."

"வட்டம் சுருங்குறதுக்கு முன்னாடியே கெளம்பிடணும். வெட்டவெளில நிக்கக் கூடாது. ஆள் தெரிஞ்சா சுடக் கூடாது."

பேனா நின்றது. "சுடக் கூடாதா?"

"சுட்டா நாம எங்க இருக்கோம்னு தெரிஞ்சிரும்க்கா."

"அப்ப துப்பாக்கி எதுக்குடா?"

நான் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தேன்.

"நீ எத்தனை தடவை ஜெயிச்சிருக்க?"

"முப்பத்தொரு தடவை ரெண்டாவது வந்திருக்கேன்."

"கேட்டது அது இல்லையே."

சொன்னேன். தொட்டியையும் சொன்னேன். சொல்லிவிட்டு, அவர் நோட்டை மூடிவிட்டு எழுந்து போய்விடுவார் என்று காத்திருந்தேன். அக்கா சிரித்த சிரிப்பில் பாத்திரம் கழுவுகிறவர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

"தொட்டிலயா! ஏன்டா, குளிச்சாவது முடிச்சியா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி விடு. சாகாம இருக்க உனக்குத் தெரியுது. அதைச் சொல்லிக் குடு. சுடுறதை நான் பாத்துக்கிறேன். அது என்ன, சரியான எடத்துல பட்டுனு ஒட்டுறதுதானே."

உண்மையில் அப்படித்தான் இருந்தது. விலாசத்தை ஒரே பார்வையில் படித்துப் பழகிய கண். புதருக்குள் தெரியும் அரைத் தலைக்கவசம்கூட அதற்குத் தப்பாது. கட்டைவிரல் இறங்கினால் குறி தவறாது. மூன்றாம் நாளே இரண்டு பேரைச் சாய்த்தார். என் மொத்தச் சாதனையில் மூன்றில் இரண்டு பங்கை ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் "மாடி ஜன்னல்! செவப்புச் சட்டை!" என்று கூவிக்கொண்டேதான் சுட்டார். மேஜையில் இருப்பதுபோலவே. நான் அதை ரசித்துக்கொண்டிருந்தேன். எதிரிகள் அப்போது எங்கெங்கோ இருந்த முகம் தெரியாதவர்கள். போட்டியன்று எதிரிகள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்கு உறைக்கவேயில்லை. எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கிறவன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தேன். இதைத்தான் பார்க்கவில்லை.

போட்டி நாளன்று கேண்டீனில் பத்து மேஜை, பத்துப் பிரிவு, நாற்பது கைபேசி. சூப்பர்வைசர் விசில் ஊதினார். விமானம் கிளம்பியது.

"எல்லாரும் நான் சொல்ற எடத்துல இறங்குங்க" என்று முணுமுணுத்தேன்.

"அங்க ஒண்ணுமே இல்லையே, சுடுகாடு மாதிரி இருக்கு" என்றாள் டேப்பு. "ஊருக்குள்ளதான் கலகலன்னு இருக்கு." அங்கேயே குதித்தாள். இரண்டு நிமிடத்தில் கணக்குப் பிரிவில் இரண்டு பேரைச் சுட்டாள், மூன்றாவது நிமிடத்தில் செத்தாள், நாலாவது நிமிடத்தில் வடை தேடிக் கேண்டீன் கவுண்டர் பக்கம் போய்விட்டாள்.

தராசு அண்ணன் எங்களோடு ஒழுங்காகத்தான் இறங்கினார். ஆனால் அந்த ஆட்டத்தில் பைக்கு ஒரு கொள்ளளவு உண்டு. எந்தச் சாமான் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று எண் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்ததும் அண்ணன் உட்கார்ந்துவிட்டார். ஒரு துப்பாக்கியைப் போட்டு இன்னொன்றை எடுத்தார். தோட்டாவைக் குறைத்து மருந்தைக் கூட்டினார்.

"அண்ணே, வட்டம் வருது, கெளம்புங்க."

"இருப்பா. கொள்ளளவுல அஞ்சு இடிக்குது."

நீல வட்டம் அவரைத் தாண்டிப் போனது. பை அப்போது துல்லியமாக நிரம்பியிருந்தது என்று பிற்பாடு சொன்னார்.

மிச்சம் அக்காவும் நானும். ஒரு பச்சை ஓட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினோம். நான் தொட்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். அக்கா ஜன்னல் பக்கம் போனார்.

"மஞ்ச வீடு! மாடி! ஒருத்தன்!"

கேண்டீன் முழுக்கக் கேட்டது. பெல்ட் இரைச்சலைக் கிழித்த குரல், நாற்பது பேர் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்த அறையில். மஞ்சள் வீட்டு மாடியில் இருந்த பேக்கிங் பிரிவு ஆள் தன் மேஜையிலேயே குனிந்துகொண்டான். கிரேன் எங்கள் பக்கம் திரும்பினான்.

"மஞ்ச வீட்டு மாடி தெரியுதுன்னா பச்சை ஓட்டு வீட்டுல இருக்கீங்க. ரொம்ப நன்றிக்கா!"

அறையே சிரித்தது. ஒரு நிமிடத்தில் எங்கள் வீட்டுக்குள் குண்டு விழுந்தது. பின்பக்க ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினோம்.

"அக்கா, கூப்பிடாதீங்கக்கா" என்றேன் காதோரம்.

அக்கா உதட்டைக் கடித்து வாயை மூடிக்கொண்டார். அவ்வளவுதான், கையும் நின்றுவிட்டது. திரையில் அவருடைய ஆள் ஒரு சுவரில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தான். எதிரே ஒருவன் குறுக்கே ஓடினான். அக்கா பார்த்தார். கட்டைவிரல் துடித்தது, இறங்கவில்லை.

"முடியலடா" என்றார். "வாயி சொல்லாம கை போக மாட்டேங்குது."

எப்படியோ உயிரோடு இருந்தோம். அதற்கு என் கல்விதான் காரணம்: புல்லுக்குள் ஊர்ந்தோம், சாத்திய கதவுகளுக்குப் பின்னால் நின்றோம், யார் பெட்டியையும் தொடவில்லை. ஒவ்வொரு மேஜையாக எழுந்து தேநீர் வாங்கப் போயிற்று. கடைசி வட்டத்தில் ஒரு கிணறு, இரண்டு மரம், ஒரு குட்டைச் சுவர், ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் அக்காவும் நானும். சுவருக்குப் பின்னால் லோடிங் பிரிவு நாலு பேரும், ஒருவர்கூடக் குறையாமல். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது.

"அக்கா, கிணறுன்னு கூப்பிடுங்க. நாம அங்க இருக்கோம்னு நெனச்சு அந்தப் பக்கம் போவாங்க. முதுகைக் காட்டுவாங்க."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் இதுவரை நான் கேட்டிராத வசவு இருந்தது. "நாம இல்லாத எடத்தைக் கூப்பிடச் சொல்றியா?"

"ஆட்டம்தானேக்கா."

"பதினோரு வருஷம்டா. ஒரு பார்சல் தப்பாப் போனதில்ல. இந்த வாயால தப்பா ஒரு விலாசம் வராது."

"அப்ப அந்த நாற்காலி போயிரும்க்கா."

வட்டம் சுருங்கத் தொடங்கியது. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். கண் லேசாகக் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். பார்ப்பது மட்டும்தான் எனக்கு நன்றாக வரும்.

"என்னால முடியாது" என்றார். "வேணும்னா நீ கூப்பிடு."

நான் கடைசியாகச் சத்தம் போட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். பள்ளியில் வருகைப் பதிவுக்கு 'உள்ளேன் ஐயா' சொல்லாமல் கையை மட்டும் தூக்கிப் பாதி நாட்கள் வராதவனாகக் குறிக்கப்பட்டவன் நான். தொண்டையைச் செருமினேன். அதற்கே இரண்டு பேர் திரும்பினார்கள்.

"கிணறு!" என்று கத்தினேன். குரல் நடுவில் உடைந்து மேலே போய்விட்டது. "கிணத்துக்குப் பின்னாடி! அக்கா, கிணத்துக்குப் பின்னாடியே இருங்க! வராதீங்க!"

கேண்டீனில் யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். அது ஒன்றுதான் சத்தம்.

"டேய்" என்றான் கிரேன், மெதுவாக. "மியூட்டு பேசுறான்டா."

எட்டு மாதம் வாய் திறக்காதவன் பொய் சொல்லத்தான் முதலில் வாயைத் திறப்பான் என்று யாருக்குத் தோன்றும்? மூன்று லோடர்கள் சுவரைத் தாண்டிக் கிணற்றை நோக்கி ஓடினார்கள். சுற்றி வளைத்து நின்றார்கள். மூன்று முதுகும் கொட்டகையைப் பார்த்து.

இப்போது அது சரியான விலாசம். அக்காவின் வாய் திறந்தது.

"கிணறு, ஒண்ணு! கிணறு, ரெண்டு! கிணறு, மூணு!"

மூன்று லேபிள். மூன்றும் நச்சென்று ஒட்டின.

மிச்சம் கிரேன். அவன் முட்டாள் இல்லை, அவர்களோடு போகாமல் சுவருக்குப் பின்னாலேயே நின்றிருந்தான். சுட்ட திசையைக் கண்டுபிடித்துக் கொட்டகையை நோக்கி ஓடி வந்தான். அக்கா தோட்டா மாற்றிக்கொண்டிருந்தார். என் கையில் துப்பாக்கி இருந்தது, ஆனால் அதை நம்புகிற அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை. என் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். கிரேனுக்கு நேர் எதிரே போய் நின்றேன். அவன் கையிலிருந்த தோட்டா அத்தனையையும் என்மேல் செலவழித்தான். நான் விழுவதற்கு மூன்று நொடி ஆயிற்று.

"கொட்டகை வாசல்! கிரேன் தம்பி!" என்றார் அக்கா.

திரையில் 'முதலிடம்' என்று வந்தது. நானூற்றுப் பதின்மூன்றாவது ஆட்டத்தில் எனக்குக் கிடைத்த முதல் முதலிடம், பிணமாக.

கிரேன் எழுந்து வந்தான். "சார், இது என்ன நியாயம்? பொய் சொல்லிக் கத்துனான்."

"கத்தக் கூடாதுன்னு நான் சொல்லலையே" என்றார் சூப்பர்வைசர். "அந்தம்மா கத்தினப்ப நீ நன்றின்னு சொன்ன."

கிரேன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஒரு கையில நூறு கிலோ தூக்குறவன்டா நான். உன் ஒரு பேச்சுல கவுத்துட்டியே" என்று சொல்லிவிட்டு, என் முதுகில் ஒன்று வைத்தான். பாராட்டுதான் என்றார்கள். இரண்டு நாள் வலித்தது.

எல்லோரும் கலைந்த பிறகு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்லப்போகிறார் என்று கூச்சத்தில் தலையைக் குனிந்தேன்.

"ஜெயிச்சது சரி. ஆனா நீ தப்பா கூப்பிட்ட. என் மேஜையில உக்காந்து ஒருநாளும் இப்படிக் கூப்பிடக் கூடாது."

"உங்க மேஜையிலயா?"

அக்கா அதற்குள் சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தார். காலை நாற்காலியில் அவர் பெயர். மதிய ஷிப்டில் அவர் இடத்தில் நான். என் ஸ்கேனருக்கு, மூட்டை தூக்க முடியாத கிரேனின் மச்சினன். "அந்தப் புள்ளையும் உக்காந்து வேலை பாக்கணும்ல. உனக்கென்ன, குரல் இருக்கு. இன்னைக்குத்தான் கேட்டேனே."

அந்தக் குரல் முதல் வாரமே கட்டிக்கொண்டது. மச்சினன் இடுப்புப் பட்டையோடு எதிரே உட்கார்ந்து எனக்கு வெந்நீர் ஊற்றித் தருகிறான். தடுப்புக்கு அந்தப் பக்கத்து ஆள், "யோவ், வடக்குன்னு சொன்னியா வழுக்குன்னு சொன்னியா?" என்று கேட்கிறார். அக்காவின் நாற்காலியில் நான் ஒரு பக்கமாகச் சரிந்தபடி இருக்கிறேன்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போதுதான் இப்போது அக்காவைப் பார்க்கிறேன். அவர் எழுவார், நான் உட்காருவேன். இரண்டாம் நாள் கேட்டேன், "நேத்து எப்படிக்கா இருந்துச்சு?"

"அதை ஏன் கேக்குற. மூணு மணிக்கு அவர் கதவைத் தொறந்துட்டு வரார். நான் உள்ள உக்காந்திருக்கேன். மனுசன் பதறிப் போய், 'என்னாச்சு, ஒடம்பு சரியில்லையா?'ன்னு நெத்தியில கை வச்சுப் பாக்குறார். நாற்காலி கெடச்சதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன். இருந்தாலும் பழக்கம் பாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வந்த களைப்புல படுத்துத் தூங்கிட்டார். ஆறரைக்கு எழுந்ததும் எதிரெதிர்ல உக்காந்து சாப்பிட்டோம். என்ன பேசுறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. உப்பு போதுமான்னு கேட்டேன். போதும்னார். கேட்டதும் பதில் வருது! எனக்கே ஒரு மாதிரி வெக்கமாப் போச்சு. அதான் இன்னொரு தடவையும் கேட்டேன்."

"நிறைய பேசினீங்களா?"

"எங்க! எட்டு மணிக்குக் கொறட்டை. நாலு மணிக்கு வண்டி எடுக்கணும்ல."

"ஒன்றரை மணி நேரம்தானாக்கா?" என்றேன். இத்தனை அமர்க்களமும் இதற்காகவா என்று எனக்குக் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது.

"ஒன்றரை மணி நேரம்டா!" என்றார் அக்கா, ஏதோ ஒரு முழு வருடத்தை யாரோ கையில் கொடுத்துவிட்ட மாதிரி. குழாயடிக்குப் போய்க் கட்டைவிரலைத் தேய்த்துக் கழுவினார். மை போகவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இன்னைக்கு வீட்டுக்கு நேராப் போகல. ரெண்டே முக்காலுக்கு அவர் டிப்போ வாசல்ல வெளிய வருவார். அங்க போய் நிக்கப்போறேன். எங்க ஸ்டாப் வரைக்கும் ரெண்டு பேரும் பயணிகளா உக்காந்து போகலாம்."

மணியைப் பார்த்தார். நடந்தே போகலாம், நேரம் இருந்தது. ஆனாலும் வாசல்வரை ஓட்டமும் நடையுமாகப் போனார்.